படிவம் பிழையா, படிப்புக் குறைவா?

ஓர் ஆட்சியோ ஒரு நிறுவனமோ எளிய மக்களை எந்த அளவுக்கு மதிக்கிறது என்பதை அறிய அதன் தலைவர்களுடைய சொற்பொழிவுகளைக் கேட்க வேண்டியதில்லை. அம்மக்களிடம் அது நிரப்பச் சொல்லிக் கொடுக்கும் படிவத்தைப் பார்த்தாலே போதும். மேடையில் கனிவு காட்டுதல் எளிது. படிவத்தில் காட்டுதல் அரிது. முன்னாளில் அப்படிவம் தாளில் இருந்தது. முகப்பிடத்தில் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் கடுகடுப்பானவராயினும் மனிதர். ‘இந்த இடத்தை விட்டுவிடுங்கள், அந்த இடத்தில் கையொப்பமிடுங்கள்’ என்றேனும் சொல்லுவார். இன்று படிவம் கைப்பேசித் திரைக்கு வந்துவிட்டது. கேட்க ஆளில்லை; சொல்ல ஆளில்லை. ‘கணக்கைத் தொடங்குக’, ‘உள்நுழைக’ என இரண்டு கதவுகள் மட்டும் நிற்கின்றன. இவ்விரு கதவுகளும் தேவையில்லாமல் குறுக்கப்பட்டிருக்கின்றன என்பதும், அவற்றில் நுழைய முடியாதவர்கள் மீதே பழி சுமத்தப்படுகிறது என்பதும் என் குற்றச்சாட்டு. சான்றுகளுடன் அதனை ஈண்டு வைக்கிறேன்.

நான் பணியாற்றும் பண்டார் தெங்காரா, 1972ஆம் ஆண்டில் சட்டத்தின்வழி அமைந்த ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம் காட்டை வெட்டி உருவாக்கிய ஊர்களுள் ஒன்று. சுற்றிலும் செம்பனை. இங்குள்ள தமிழர்களிற் பலர் தோட்டப்புறங்களிலிருந்து வந்தவர்கள். இன்றும் சிலர் தோட்டத்தில், பலர் கூலாய், செனாய் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர். இவர்களுக்குக் கணினி இல்லை. ஆயினும் கைப்பேசி உண்டு. புலனத்தில் குரல்பதிவு அனுப்புவார்கள், படம் அனுப்புவார்கள், பணமும் அனுப்புவார்கள். கைப்பேசியைக் கண்டு அஞ்சும் மக்கள் அல்லர் இவர்கள். இதனை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஒரு மாலையில், பள்ளி விட்ட பின்னர், தாய் ஒருவர் என் அலுவலகத்திற்கு வந்தார். பிள்ளையின் பொருட்டு ஓர் இணையத்தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். மூன்று நாளாக முயன்றும் முடியவில்லை. அஃது எந்தத் தளம் என்று நான் கூறப்போவதில்லை. ஒன்றைப் பெயர் சொல்லிக் குறை கூறினால் அதே குறையுடைய நூறு தளங்கள் தப்பித்துக்கொள்ளும். நானும் என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் அருகில் அமர்ந்தேன்.

பெயர் கேட்டது. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை இட்டோம். நம் பெயர்களின் நடுவே வரும் சாய்கோட்டைக் கண்டு, ‘சிறப்புக் குறிகளுக்கு அனுமதியில்லை’ என்றது. சாய்கோட்டை நீக்கினோம். ‘பெயர் பதிவேட்டுடன் பொருந்தவில்லை’ என்றது. ஒரு கதவு ‘இட்டால் விடமாட்டேன்’ என்கிறது. மறு கதவு ‘எடுத்தால் விடமாட்டேன்’ என்கிறது. எப்படியோ ஒரு வழி கண்டு அதனைக் கடந்தோம். கடவுச்சொல் கேட்டது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி யாவும் வேண்டுமாம். அந்த நிபந்தனைகளை முதலில் சொல்லாமல் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னரும் ஒவ்வொன்றாகச் சொல்லிற்று. அதனையும் முடித்தோம். பின்னர் ஆறு இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியில் வரும் என்றது. அது சென்ற இடம் கணவரின் எண். அவரோ தொழிற்சாலையில், கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். எண்ணை மாற்றலாம் என்று முந்தைய பக்கத்திற்குத் திரும்பினோம். நேரம் முடிந்தது என்று கூறி, எழுதிய யாவற்றையும் அழித்துவிட்டு, முதற்பக்கத்தைக் காட்டிற்று அத்தளம்.

அத்தாய் தளத்தின் மேல் சினங்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குப் படிப்பு இல்ல சார், அதான் வரமாட்டேங்குது,” என்றார்.

என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது அந்த ஒரு வரியே. முப்பது ஆண்டுக்கு மேலாக ஆசிரியப் பணியில் இருப்பவன் நான். எனக்கும் அந்தப் படிவம் வரவில்லை. எனக்கும் படிப்பு இல்லையா?

வினாத்தாளின் குற்றம்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குத் தேர்வு அமைத்தலைப் பற்றி ஒரு பாடம் உண்டு. ஒரு வகுப்பில் ஓரிரு மாணவர் ஒரு வினாவிற்குத் தவறாக விடையளித்தால் அம்மாணவரைக் கவனி. வகுப்பிற் பெரும்பாலோர் அதே வினாவில் வழுக்கினால் வினாவைக் கவனி. வினாவின் சொற்கள் மயக்கம் தருகின்றனவா, ஒரே வினாவில் இரண்டைக் கேட்டிருக்கிறோமா, கற்பிக்காததைக் கேட்டிருக்கிறோமா என்று ஆராய்ந்து, அவ்வினாவைத் திருத்து; அல்லது நீக்கு. இது தேர்வுக் கலையின் அரிச்சுவடி. எந்த ஆசிரியரும் வகுப்பு முழுதும் தோற்ற வினாவை அடுத்த ஆண்டும் அப்படியே வைத்து, ‘மாணவர்கள் முன்னேறட்டும்’ என்று சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆசிரியர் அல்லர்.

பதிவுப் படிவமும் ஒரு வினாத்தாளே. ஆனால் அதனை அமைப்போர்க்கு இந்த அரிச்சுவடி பொருந்துவதில்லை போலும். எத்தனை பேர் எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள் என்பதைக் கணினி எண்ணிக் காட்டவல்லது. மாணவர் விடைத்தாளை நாங்கள் விளக்கொளியில் எண்ணியது போல அவர்கள் எண்ண வேண்டியதில்லை. இருந்தும் ‘மக்களுக்குக் கணினி அறிவு போதவில்லை’ என்னும் தீர்ப்பு எளிதில் வந்துவிடுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கோ கூடத்தைக் கோணலாகக் கட்டியவர், ஆடவந்தவளைப் பார்த்து ஆடத் தெரியாதவள் என்கிறார்.

பிழைச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு எழுத்தில் ‘ரலாட்’, அதாவது ‘பிழை’ என்று ஒரு சொல் வரும். எந்த இடத்தில் பிழை? என்ன செய்தால் சரியாகும்? விடையில்லை. மாணவனின் கட்டுரையில் பெருக்கற்குறி ஒன்றை மட்டும் இட்டு, ஏன் என்று எழுதாமல் திருப்பித் தரும் ஆசிரியரைப் பள்ளி ஆய்வாளர் என்ன சொல்லுவார்? அத்தகைய ஆசிரியரைப் பொறுக்காத நாடு, அத்தகைய படிவத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

நம் பெயர் ஒரு பிழையன்று

நம் பெயர்களின் செய்தியைத் தனியே சொல்ல வேண்டும்; ஏனெனில், அது நம் சமுதாயத்தைத் தனியே சுடுகின்ற நெருப்பு. இந்நாட்டுத் தமிழர் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், பின் தந்தை பெயர். நடுவே மலாயில் ‘அனாக் லெலாக்கி’, அதாவது மகன், அல்லது ‘அனாக் பெரம்புவான்’, அதாவது மகள் என்பதன் சுருக்கம், சாய்கோட்டுடன். இதை நாமாக விரும்பிச் சேர்த்துக்கொள்ளவில்லை. அரசாங்கப் பதிவேடு அவ்வாறு எழுதிற்று. அடையாள அட்டையும் அவ்வாறே காட்டுகிறது. ஒரு கையால் சாய்கோட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மறு கையால் அதனைச் செல்லாது என்று தள்ளுவது எந்த நீதி?

இன்னும் சில படிவங்கள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என இரண்டு கட்டங்களை வைத்து இரண்டையும் நிரப்பினாலன்றி விடமாட்டோம் என்கின்றன. எனவே மகள் தன் தந்தையின் பெயரால் அழைக்கப்படுகிறாள். தந்தைக்கு ஒரு குடும்பப் பெயர், மகளுக்கு வேறொரு குடும்பப் பெயர் என்றாகி, இருவரும் ஒரே வீட்டார் என்பதை மெய்ப்பிக்க மேலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியதாகிறது. பழைய தோட்டத்துப் பிறப்புப் பத்திரங்களின் நிலையோ இன்னும் கொடிது. பெயரைத் தந்தை வாயாற் சொன்னார். கிராணி தம் காதிற்பட்டவாறு உரோமன் எழுத்தில் எழுதினார். அண்ணன் பத்திரத்தில் தந்தை பெயர் ஒருவிதம், தம்பி பத்திரத்தில் வேறொருவிதம். ஓரெழுத்து மாறினால் ‘பொருந்தவில்லை’ என்று கதவை அடைக்கும் இயந்திரத்திற்கு அந்த வரலாறு தெரியாது. அதனை இயக்குவோர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது தீராத சிக்கலா? இல்லை. இணையத்தின் பொது நெறிகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, உலக மக்களின் பெயர் மரபுகள் எவ்வாறெல்லாம் வேறுபடுகின்றன என்று விளக்கும் வழிகாட்டி ஒன்றையே வெளியிட்டிருக்கிறது. ஐஸ்லாந்து மக்களும் நம்மைப் போன்றே தந்தை பெயரைக் கொள்வோர் என்பதை அது எடுத்துக்காட்டுகிறது. பெயரைப் பிரிக்க வேண்டிய உண்மையான தேவை இல்லையெனில், முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைக்கலாம் என்கிறது. ஒரே கட்டம், போதிய நீளம், சாய்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடம். கேட்பது இவ்வளவே. ஒரு பிற்பகலில் செய்து முடிக்கத்தக்க வேலை.

தெரிந்ததையே கேட்கும் அறியாமை

நம் நாட்டு அடையாள அட்டையின் 12 இலக்க எண், 1990ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும்; ஜொகூருக்கு 01. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். எண்ணைப் பார்த்தவுடன் இவ்வளவும் தெரியும். முதலாம் ஆண்டு மாணவனுக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆயினும், படிவம் எண்ணைக் கேட்கிறது. அதன் கீழே பிறந்த நாளைக் கேட்கிறது. அதன் கீழே பிறந்த மாநிலத்தைக் கேட்கிறது. அதன் கீழே ஆணா பெண்ணா என்று கேட்கிறது. விடையைக் கையில் வைத்துக்கொண்டே வினவுகின்ற இவ்வியந்திரத்தை ‘அறிவார்ந்த சேவை’ என்று விளம்பரமும் செய்கின்றனர்!

எஸ்தோனியா என்னும் சிறு நாட்டில், ஒரே தரவைத் திரட்டத் தனித்தனித் தரவுத்தளங்கள் அமைப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஒருமுறை குடிமகன் சொன்னதை அரசு மறுமுறை கேட்கலாகாது என்பது அங்குக் கொள்கை. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் ஊரிலிருந்து புறப்பட்டு ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கு 2003இல் தொடங்கிய ‘சிங்பாஸ்’ என்னும் ஒரே நுழைவின்வழி அரசின் பல துறைகளையும் அணுகலாம். 2016இல் வந்த ‘மைஇன்ஃபோ’, அரசு முன்பே அறிந்த விவரங்களைப் படிவத்தில் தானே நிரப்பிவிடுகிறது. குடிமகன் சரிபார்த்து ஒப்பினாற் போதும். சிங்பாஸ் செயலியை அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளிலும், அவற்றுள் ஒன்றாகிய நம் தமிழிலும், பயன்படுத்தலாம்.

நம் நாட்டிலும் வழி அடைபட்டிருக்கவில்லை. கூட்டரசுத் துறைகள் தமக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள இடமளிக்கும் தரவுப் பகிர்வுச் சட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ‘மைடிஜிட்டல் ஐடி’ என்னும் ஒரே அடையாளத் திட்டமும் வந்திருக்கிறது. எனவே, ‘அந்தத் துறையிடம் இருப்பது எமக்குத் தெரியாது’ என்று சொல்லும் காலம் கடந்துவிட்டது. சட்டம் கதவைத் திறந்த பின்னும் படிவம் அதே இருபது வினாக்களைக் கேட்குமானால், அது பழக்கத்தின் சோம்பலேயன்றி வேறன்று.

கணக்கே தேவையில்லாத இடங்களும் உண்டு. அமெரிக்க வடிவமைப்பு ஆய்வாளர் ஜாரட் ஸ்பூல், பெயர் குறிப்பிடாத பெரிய வணிகத் தளம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்த வந்தவரிடம் அத்தளம் முதலில் பதிவு செய்யச் சொல்லிற்று. ஒருமுறை வாங்கிப் போகவே வந்தோர் அதை வெறுத்தனர். முன்பே பதிந்தோர் எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல் என்று நினைவின்றித் தவித்தனர். ‘பதிவு செய்க’ என்னும் பொத்தானை நீக்கி, ‘தொடர்க’ என்னும் பொத்தானை வைத்து, பதிவு கட்டாயமில்லை என்று ஒரு வரி எழுதினர். வாங்கி முடித்தோர் தொகை 45 விழுக்காடு உயர்ந்ததாம். வணிகன் தன் ஆதாயத்திற்காகக் கற்றுக்கொண்ட இப்பாடத்தை, மக்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்புகள் கற்க மறுப்பதேன்?

பாதுகாப்பு என்னும் கேடயம்

இவ்வளவையும் சொன்னால் எதிரே ஒரு கேடயம் உயரும்: ‘பாதுகாப்பு!’ கடுமையாக இருந்தால்தான் திருடன் வரமாட்டான் என்பார்கள். இது வெறும் சாக்கு அன்று. நேர்மையாக எழும் அச்சமும் ஆகும். தொலைபேசி மோசடியில் வாழ்நாட் சேமிப்பை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இவ்வாதத்தை எள்ளி நகையாடாமல் எடை போட்டுப் பார்ப்போம்.

கடவுச்சொல்லை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் கணினிக்குக் கொணர்ந்தவர் பெர்னாண்டோ கோர்பாட்டோ. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்தபோது ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க அவர் செய்த எளிய ஏற்பாடு அது. பெரிய எழுத்து வேண்டும், குறி வேண்டும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்ற சடங்குகள் பின்னர் வந்தவை. அவற்றைப் பரப்பியதில் பெரும்பங்கு, அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகத்தின் 2004ஆம் ஆண்டு ஆவணத்திற்கு உண்டு. அதன் அப்பகுதியை எழுதிய பில் பர் என்பார், 2017இல், தாம் எழுதியவற்றிற் பெரும்பாலானவற்றுக்காக வருந்துவதாக வெளிப்படையாகவே கூறினார். அதே ஆண்டில் அக்கழகம் தன் நெறிகளைத் திருத்திற்று. எழுத்தும் குறியும் கலக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர். காரணமின்றி மாற்றச் சொல்லாதீர். நீண்ட சொற்றொடரை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒட்டுவதைத் தடுக்காதீர் என்பன அத்திருத்தத்தின் சாரம். வகுத்தவர்களே கைவிட்ட சடங்கை நம் படிவங்கள் இன்னும் கட்டிக்கொண்டு அழுகின்றன.

வளைந்து நெளிந்த எழுத்தைப் படித்துக் காட்டி, ‘நான் இயந்திரமல்லன்’ என்று மெய்ப்பிக்கும் சோதனையும் அவ்வாறே. லூயிஸ் வான் ஆன், மனுவேல் புளூம் முதலானோர் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதற்குப் பெயர் சூட்டி விளக்கியபோது, மனிதனால் இயலும், கணினியால் இயலாது என்பதே அதன் அடிப்படை. இன்று அத்தகைய எழுத்தைக் கணினி படித்துவிடுகிறது. கண்புரை விழுந்த பாட்டியால்தான் படிக்க முடியவில்லை. 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பு, நினைவாற்றலையோ புதிர் விடுவிக்கும் ஆற்றலையோ சோதித்து மட்டுமே உள்ளே விடும் முறைக்கு மாற்றுவழியோ உதவியோ வேண்டும் என்கிறது. ஒருமுறை எழுதியதை அதே படிநிலையில் மறுபடியும் எழுதச் சொல்லாதே என்றும் அது விதிக்கிறது.

இனி, நம் நாட்டிலேயே நடந்ததைப் பார்ப்போம். 2024 சனவரி 2ஆம் நாள் ‘பாடு’ என்னும் முதன்மைத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. தொடங்கிய சில நாள்களுக்குள்ளேயே, ஒருவரின் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு மற்றவர் நுழையக்கூடும் என்னும் ஓட்டைகளைப் பொதுமக்களுள் விவரமறிந்தோர் சுட்டிக்காட்டினர். அவை பின்னர் அடைக்கப்பட்டன. மார்ச் 31ஆம் நாள் பதிவு முடிவடையவிருந்தபோதோ, முகப்பிடங்களில் மக்கள் வரிசைபிடித்து நின்றனர். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? படிவம் நீண்டிருந்தது என்பதற்காகக் கதவு உறுதியாக இருந்துவிடவில்லை. கடினம் வேறு, காவல் வேறு. வாயிற்படியை உயர்த்திக் கட்டுவதால் கிழவி தடுக்கி விழுவாள். திருடன் தாண்டிப் போவான்.

என் வாதத்தின் உயிர்நாடி இனிமேல் வருவதுதான். நிரப்ப முடியாத படிவத்தை மக்கள் என்ன செய்கிறார்கள்? விட்டுவிடுவதில்லை, விட முடியாது. உதவித்தொகை வேண்டும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும். எனவே கைப்பேசியைப் பிறர் கையிற் கொடுக்கிறார்கள். தெரிந்த கடைக்காரர், பக்கத்து வீட்டுப் பையன், ‘ஐந்து வெள்ளி கொடுத்தால் போட்டுத் தருகிறேன்’ என்னும் அறிமுகமில்லாதவர் என யாரிடமும் அடையாள அட்டையை நீட்டுகிறார்கள்; குறுஞ்செய்தியில் வந்த எண்ணைத் தொலைபேசியில் உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள். கடவுச்சொல் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. ‘அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்’ என்று காவல்துறை ஒருபுறம் எச்சரிக்கிறது. சொன்னாலன்றி வேலை நடவாத படிவம் மறுபுறம் சொல்லப் பழக்குகிறது. அவ்வாறு பழகிய தாய், நாளை மோசடிக்காரன் அழைத்து அதே எண்ணைக் கேட்டால் தயங்குவாளா? பாதுகாப்பின் பெயரால் அமைந்த கடுமை, பாதுகாப்பின்மையை வீட்டுக்கு வீடு கற்பிக்கிறது.

உண்மையான காவலுக்கு நல்ல வழிகள் இருக்கின்றன. குறுஞ்செய்தி எண்ணை விட்டு வலிமையான முறைகளுக்கு மாறுமாறு 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. விரல்ரேகையாலும் முகத்தாலும் கைப்பேசியைத் திறப்பது போலவே கணக்கையும் திறக்கும் ‘கடவுத்திறவி’ முறை இன்று பரவிவருகிறது. அதில் நினைவில் வைக்கச் சொல் இல்லை. ஏமாற்றிப் பறிக்கவும் சொல் இல்லை. எளிமையும் காவலும் பகைவர் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பாதுகாப்பின்மேல் இவ்வளவு அக்கறை காட்டுவோர்க்கு இன்னொன்றையும் நினைவூட்டுவேன். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. அவ்வாறிருக்க, கேட்காத விவரம் கசியாது என்பதே முதற்காவல். தேவையற்ற வினாவை நீக்குவது எளிமை மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

‘கற்றுக்கொள்ளட்டுமே!’

இன்னும் ஒரு வாதம் உண்டு. அது நம்மவர் வாயிலிருந்தே வருகிறது. ‘எல்லாவற்றையும் எளிமையாக்கினால் நம் மக்கள் என்றைக்கு முன்னேறுவது? கற்றுக்கொள்ளட்டுமே!’ கல்வியாளன் என்ற முறையில் இதற்கு விடையிறுக்க எனக்கு உரிமை உண்டு. கற்கத் தகுந்ததைக் கற்கலாம். கணிதம் கடினம், கற்றால் அறிவு வளரும். ஒரு தளத்தின் கோணல் வழிகளைக் கற்பதால் எந்த அறிவு வளரும்? அடுத்த தளத்தின் கோணல் வேறாக இருக்கும். தேசிய மொழியைக் கற்பது நம் கடமை. அதை நம் பள்ளிகள் கற்பிக்கின்றன. ஆயினும், ஐம்பது வயதுத் தோட்டத் தொழிலாளிக்குப் படிவத்தின் ஓரத்தில் தமிழில் ஒரு விளக்க வரி தருவதால் தேசிய மொழி தேய்ந்துவிடாது. தடுப்பூசி அறிவிப்பைப் பல மொழிகளில் தந்த நாடு இது.

பிறரைச் சாடும் நான் என் வீட்டையும் பார்த்தாக வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் பள்ளியே பெற்றோர்க்கு ஓர் இணையப் படிவத்தை அனுப்பியது. அமைத்தவன் நான். 23 வினாக்கள்; மின்னஞ்சல் முகவரி கட்டாயம். பலர் நிரப்பவில்லை. ‘பெற்றோர்க்குப் பொறுப்பில்லை’ என்று ஆசிரியர் கூட்டத்தில் நானே குறைபட்டுக்கொண்டேன். அந்தத் தாய் வந்து சென்ற இரவு, அப்படிவத்தை என் கைப்பேசியில் நானே நிரப்பிப் பார்த்தேன். வெட்கமாயிருந்தது. 23இல் 16 வினாக்களுக்குப் பள்ளி அலுவலகக் கோப்பிலேயே விடை இருந்தது. மின்னஞ்சல் எதற்கு என்று கேட்டால் எனக்கே விடை தெரியவில்லை. இவ்வாண்டு ஏழு வினாக்கள், தமிழிலும் மலாயிலும், மின்னஞ்சல் இல்லை, எழுத இயலாதோர் குரல்பதிவு அனுப்பலாம். விடைகள் வந்தன. பொறுப்பில்லாதிருந்தவர் பெற்றோர் அல்லர்.

ஆகவே, படிவம் அமைப்போரிடம் நான் வைக்கும் கோரிக்கை பெரிதன்று. பெயருக்கு ஒரே கட்டம் தருக. தெரிந்ததைக் கேளாதீர். எதற்கென்று சொல்ல இயலாத வினாவை நீக்குக. நிபந்தனையை முன்னரே கூறுக. எழுதியதை அழிக்காதீர். பிழை என்றால் எங்கு, என்ன, எப்படித் திருத்துவது என்று முழு வாக்கியத்திற் கூறுக. தொலைபேசி எண் மாறியவர்க்கு வழி விடுக. முன்பணக் கட்டண எண் காலாவதியானதால் தம் கணக்கையே இழந்தோர் தோட்டப்புறத்தில் உண்டு. முகப்பிடத்தை மூடாதீர். இவற்றுக்கெல்லாம் மேலாக, படிவத்தை வெளியிடுமுன் அதைத் தலைநகரின் குளிரூட்டிய அறையில் இருப்போரிடம் காட்டி மகிழாமல், பண்டார் தெங்காரா போன்ற ஊருக்குக் கொண்டுவந்து, விரிசல் விட்ட திரையுடைய கைப்பேசியை வைத்திருக்கும் ஐந்து பேரிடம் கொடுத்து, வாய் பேசாமல் அருகிருந்து பாருங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே உங்கள் பிழை இருக்கிறது.

எழுத்தாளர்களாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. கவிதையின் ஒரு சொல்லுக்காகக் கூட்டங்களில் வழக்காடுகிறோம்; செய்ய வேண்டியதே. ஆனால் நம் மக்கள் வாழ்நாளில் மிகுதியாகப் படிக்க நேரும் உரைநடை படிவத்தின் உரைநடைதான். படிவத்தில் வரும் தமிழ், வருமிடங்களில், சில வேளைகளில் பொருளே விளங்காத இயந்திரப் பெயர்ப்பாய் இருக்கிறது. எளிய சொல்லை எடுத்துத் தரும் கடமை நம்முடையதன்றோ? சங்கத்தில் ஒரு குழு அமைத்து, கேட்போர்க்கெல்லாம் நல்ல தமிழில் படிவ வரிகளை எழுதித் தருவோம். கேளாதோர்க்கும் எழுதி அனுப்புவோம்.

அந்தத் தாய் மறுநாளும் வந்தார். கணவருக்கு விடுமுறை நாள். அவரும் உடன் வந்தார். மூவரும் அமர்ந்து முடித்தோம். ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அவர் நன்றி கூறினார். நான் கூறியது இது: “உங்கள் படிப்பில் குறையில்லை, அம்மா. அந்தப் படிவம்தான் பிழை. இனி எங்கே போய் நின்றாலும் முதலில் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.” அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அவரை நம்பவைக்கும் பொறுப்பு படிவத்தை அமைப்போர் கையில் இருக்கிறது.